கேரவன் பேட்டரி போய்விட்டதா? புதுசு வாங்கும் முன் இதைப் பாருங்கள்

கேரவனுக்குள் லைட், ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் ஓட்டுகிற அந்த இரண்டாவது பேட்டரி படுத்துவிட்டது, 150 ஏ.எச். (ஆம்பியர் அவர், பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் (வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற உயரமான லெட் ஆசிட் பேட்டரி) போடலாமா, இல்லை லித்தியத்துக்கே போய்விடலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். பழையது எதனால் போனது? பாதிப் பேருக்குத் தெரியாது. நாலைந்து வருஷம் உழைத்துவிட்டுப் போயிருந்தால் சரி, வயசாகிவிட்டது. ஒன்றரை வருஷத்தில் போயிருந்தால் அதைக் கொன்ற காரணம் இன்னும் வண்டிக்குள்தான் இருக்கிறது. புதுசையும் அது விடாது, விலை அதிகம் என்பதற்காகத் தயவு காட்டப்போவதும் இல்லை.

அதனால் அறிகுறி வாரியாகப் போகிறேன். உங்கள் வண்டியில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். எது வாங்குவது என்பது கடைசியில் இருக்கிறது, ஆனால் நேராக அங்கே தாவிவிடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு மீட்டர்

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். கையில் மோதிரம், வெள்ளிக் காப்பு ஏதாவது இருந்தால் முதலில் கழற்றி வையுங்கள். காப்பு ஒரு பக்கம் பாசிட்டிவ் டெர்மினலையும் இன்னொரு பக்கம் வண்டியின் பாடியையும் தொட்டால் அது பழுத்த கம்பியாகிவிடும், 12 வோல்ட்தானே என்ற தைரியம் இங்கே உதவாது.

முதல்நாள் முழுதாக சார்ஜ் போட்டு, சோலார் உட்பட எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ராத்திரி முழுக்க சும்மா விட்டு, காலையில் அளக்க வேண்டும். சார்ஜர் எடுத்த கையோடு அளந்தால் 13-க்கு மேல் காட்டும், அது மேலோட்டமான சார்ஜ், அதை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. இரவு ஓய்வுக்குப் பிறகு லெட் ஆசிட் பேட்டரி 12.6, 12.7 காட்டினால் முழு சார்ஜைப் பிடித்து வைத்திருக்கிறது, ஏ.ஜி.எம். வகை (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய லெட் ஆசிட்) 12.8 வரை காட்டும். 12.2 என்றால் பாதி. 11.8-க்குக் கீழே என்றால் காலி. முழு சார்ஜ் போட்டும் காலையில் 10.5 பக்கத்தில் நின்றால் ஆறு செல்லில் ஒன்று ஷார்ட் ஆகிவிட்டது, ஏனென்றால் ஒரு செல் இரண்டு வோல்ட். அதற்கு வைத்தியம் கிடையாது.

மூடி திறக்கிற பேட்டரியாக இருந்தால் கிராவிட்டி, அதாவது உள்ளே இருக்கிற ஆசிட்டின் அடர்த்தியைப் பாருங்கள். ஹைட்ரோமீட்டர் மலிவு. நம் ஊர் டியூபுலர்களுக்கு முழு சார்ஜில் 1.240 வாக்கில் இருந்தாலே போதும் என்று பல கம்பெனிகள் சொல்கின்றன, சில 1.260-க்கு மேல் கேட்கும், உங்கள் பேட்டரியின் லேபிளையோ வாரண்டி கார்டையோ பாருங்கள். எண்ணைவிட முக்கியம் ஆறு செல்லும் ஒன்றுபோல இருக்கிறதா என்பது. ஐந்து 1.240 காட்டி ஒன்று மட்டும் 1.190-க்குக் கீழே இறங்கியிருந்தால் அந்த ஒன்று மற்ற ஐந்தையும் இழுத்துக்கொண்டு போகும்.

இன்னொன்று. சேலத்தில் லாரி வேலை பார்க்கிற ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் கெட்டிக்காரர்கள், ஆனால் அவர்கள் கையில் இருக்கிற இரண்டு முள் லோடு டெஸ்டர், வண்டி ஸ்டார்ட் ஆகுமா என்று பார்க்கிற கருவி. சில நொடி பெரிய கரண்ட் இழுத்துப் பார்க்கும், அவ்வளவுதான். அதில் "பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்று வந்தாலும் ராத்திரி முழுக்க ஃபேன் ஓடும் என்று அர்த்தமில்லை. அதைப் பார்க்க வேறு வழி இருக்கிறது. 100 ஏ.எச். பேட்டரி என்றால் 20 மணி நேரக் கணக்கில் 5 ஆம்பியர் தர வேண்டும். முழு சார்ஜ் போட்டு, சுமார் 60 வாட் வருகிற மாதிரி லைட்டும் ஃபேனும் ஐந்து மணி நேரம் ஓட்டி, அணைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து அளங்கள். கால்வாசிதான் செலவாகியிருக்க வேண்டும், 12.4 வாக்கில் நிற்கும். 12.1-க்குக் கீழே போயிருந்தால் லேபிளில் என்ன போட்டிருந்தாலும் உங்கள் கையில் இருப்பது 50 ஏ.எச். பேட்டரிதான்.

பத்து மணிக்கே லைட் மங்குகிறது, ஃபிரிட்ஜ் நின்றுவிடுகிறது

மேலே சொன்ன டெஸ்டில் தேறாவிட்டால் கொள்ளளவு போய்விட்டது. பெரும்பாலும் காரணம் சல்ஃபேட். லெட் ஆசிட் பேட்டரி முழுதாக சார்ஜ் ஆகாமல் அரைகுறையாகவே நாள் கணக்கில் கிடந்தால் பிளேட்டில் சல்ஃபேட் இறுகிவிடும், பிறகு எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் உள்ளே போகாது. இன்னொரு காரணம், இன்வெர்ட்டர் எப்போது கட் ஆகிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. வீட்டு இன்வெர்ட்டர்கள் பல 10.5 வோல்ட் வாக்கில்தான் நிறுத்தும். கரண்ட் எப்போதாவது போகிற வீட்டுக்கு அது பரவாயில்லை. தினமும் ராத்திரி பேட்டரியை அந்த ஆழத்துக்கு இறக்கினால் நல்ல டியூபுலர்கூட சீக்கிரம் களைத்துவிடும். லோடு ஓடும்போதே 11.8, 12 வாக்கில் துண்டிக்கிற ஒரு லோ வோல்டேஜ் கட் ஆஃப் போடுங்கள், புதுசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும்.

டெஸ்டில் தேறிவிட்டது, ஆனாலும் ராத்திரி தாங்கவில்லை என்றால் பேட்டரியைத் திட்டாதீர்கள், கணக்கைப் பாருங்கள். ஏப்ரல் மாத சேலத்து வெயிலில் 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் பாதி நேரமாவது ஓடும். ஓடும்போது 4 ஆம்பியர் என்றால் நாளைக்கு 48 ஏ.எச். அதற்கே போய்விடும். அதே ஃபிரிட்ஜ் டிசம்பரில் ஏற்காட்டில் வெகு குறைவாகத்தான் எடுக்கும். இரண்டு 12 வோல்ட் ஃபேன், ஆளுக்கு ஒன்றரை ஆம்பியர், எட்டு மணி நேரம், அது 24. லைட், போன் சார்ஜ், தண்ணீர் பம்ப் எல்லாம் சேர்ந்து பத்து. ஆக 80-ஐத் தாண்டிவிட்டது. லெட் ஆசிட்டில் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது என்பதால் இந்தக் குடும்பத்துக்கு 160, 170 ஏ.எச். வேண்டும். 100 ஏ.எச். போட்டுவிட்டு அது மோசம் என்றால் எப்படி?

மிக்ஸி போட்டால் இன்வெர்ட்டர் கத்தி அணைகிறது, மற்றபடி எல்லாம் ஓடுகிறது

காலையில் சட்னிக்குத்தான் இந்தப் பிரச்சினை தெரியும். 750 வாட் மிக்ஸி கிளம்புகிற நொடியில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். 12 வோல்ட்டில் 1000 வாட் என்றாலே சுமார் நூறு ஆம்பியர், அந்தக் கரண்ட் போகிற வழியில் ஒரு தளர்ந்த நட்டு, ஒரு மோசமான லக் (கேபிள் முனையில் மாட்டுகிற உலோக வளையம்), ஒரு மெல்லிய கேபிள் இருந்தாலும் வோல்டேஜ் அங்கேயே விழுந்துவிடும்.

ஒருவர் மிக்ஸியை ஓட்ட, இன்னொருவர் மீட்டரைப் பிடிக்க வேண்டும். முதலில் பேட்டரி டெர்மினலின் ஈயத்தின் மேலேயே முனையை வைத்து அளங்கள், லக்கின் மேல் அல்ல. பிறகு இன்வெர்ட்டர் பின்னால் உள்ள போல்ட்டில் அளங்கள். பேட்டரியில் 12.1 இருந்து இன்வெர்ட்டரில் 11.2 காட்டினால் குற்றவாளி கேபிள், பேட்டரி இல்லை. பேட்டரியிலேயே 10.8-க்கு விழுந்தால்தான் பேட்டரியில் குறை. 1000 வாட் இன்வெர்ட்டருக்கு 25 அல்லது 35 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிள், எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டையாக. லக்கை சுத்தியலால் நசுக்காமல் கிரிம்பிங் கருவியில் அழுத்தி வாங்குங்கள்.

டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் வெந்நீரில் ஆப்பசோடா கரைத்து ஊற்றிக் கழுவி, செல்லுக்குள் ஒரு சொட்டும் போகாமல் பார்த்து, துடைத்துக் காயவைத்து, இறுக்கி, அதன் பிறகு மேலே வாசலின் தடவுங்கள். முதலில் தடவிவிட்டுப் பிறகு மாட்டுவது வேண்டாம்.

இண்டக்ஷன் அடுப்பு பற்றிக் கேட்பீர்கள். 12 வோல்ட்டில் 1500 வாட் என்றால் 140 ஆம்பியருக்கு மேல். ஒற்றை டியூபுலரில் வேண்டாம், கேஸ் அடுப்பே இருக்கட்டும்.

மலையேறி வந்தும் சார்ஜ் ஏறவில்லை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு முப்பது கிலோமீட்டர், அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவு, எப்படியும் ஒரு மணி நேரம் என்ஜின் ஓடுகிறது, மேலே போனதும் பேட்டரி நிறைந்திருக்கும் என்று நினைக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் 20 ஆம்பியர் போனாலும் உள்ளே சேருவது 20 ஏ.எச். அவ்வளவுதான். பாதி காலியான 150 ஏ.எச். பேட்டரிக்கு 75 வேண்டும், அதிலும் கடைசி இருபது சதவீதத்தை லெட் ஆசிட் மெதுவாகத்தான் வாங்கும், மூன்று நாலு மணி நேரம் ஆகும். குப்பனூர் வழியாகச் சுற்றிப் போனாலும் அந்த நேரம் வராது.

அந்த 20 ஆம்பியராவது போகிறதா என்று பாருங்கள். என்ஜினைக் கொஞ்சம் ரேஸில் வைத்து வண்டி பேட்டரியில் அளந்தால் 14.2 வாக்கில் வர வேண்டும். உடனே ஹவுஸ் பேட்டரியில், அதாவது கேரவனுக்குள் இருக்கிற அந்த இரண்டாவது பேட்டரியில், அளங்கள். அங்கே 13.6 என்றால் நடுவில் தொலைந்துவிட்டது. 6 சதுர மில்லிமீட்டர் வயர், போக வர பத்து மீட்டர், 20 ஆம்பியர் என்று கணக்குப் போட்டால் 0.6 வோல்ட் அதிலேயே போகும். 16 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றினால் 0.23 ஆகிவிடும். வயர் மாற்றுவது பேட்டரி மாற்றுவதைவிட மலிவு, ஆனால் யாரும் முதலில் அதைச் செய்வதில்லை.

ஹவுஸ் பேட்டரியில் என்ஜின் ஓடும்போதும் 12.4-ஏ நிற்கிறது, கொஞ்சம்கூட ஏறவில்லை என்றால் என்ஜின் ஓடும்போது இரண்டு பேட்டரியையும் சேர்க்கிற ரிலேவைப் பாருங்கள், அல்லது அந்தக் கம்பியில் இருக்கிற ஃபியூஸை. சில பி.எஸ். 6 வண்டிகளில் ஆல்டர்னேட்டரே புத்திசாலி, தன் பேட்டரி நிறைந்ததும் வோல்டேஜைக் குறைத்துவிடும், சாதாரண ரிலே அதைப் பார்த்து அவிழ்ந்துவிடும். இந்த வண்டிகளுக்கு டி.சி.-டி.சி. சார்ஜர்தான் வழி. உள்ளே என்ன வோல்டேஜ் வந்தாலும் அது வெளியே 14.4 கொடுத்துக்கொண்டே இருக்கும். லித்தியம் போடப்போகிறீர்கள் என்றால் எந்த வண்டியாக இருந்தாலும் இதைப் போடுங்கள். லித்தியம் கிடைக்கிற கரண்டை எல்லாம் விழுங்கும், மெதுவாகப் போகிற மலைப் பாதையில் ஆல்டர்னேட்டர் சூடேறி எரிந்துபோகிற வாய்ப்பு உண்டு.

சோலாரும் இருக்கிறதே என்பீர்கள். 200 வாட் பேனல் நல்ல வெயிலில் நாளுக்கு 55, 60 ஏ.எச். தரும், அது கீழே சேலத்தில். மேலே காபித் தோட்டத்து சில்வர் ஓக் நிழலில் நிறுத்தினால், அல்லது மதியம் வரை மூடுபனி கலையாத நாளில், அதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே பெரிசு. பேனலின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே மொத்தக் கரண்டும் சரிந்துவிடும். வேனை நிழலில் நிறுத்தினால் உங்களுக்குச் சுகம், பேட்டரிக்குப் பட்டினி. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும்.

வயிறு வீங்கியிருக்கிறது, அழுகிய முட்டை நாற்றம் வருகிறது

இதை மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். கதவுகளைத் திறந்து ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, சார்ஜ் வருகிற வழியை எல்லாம் நிறுத்துங்கள், வீட்டு லைனை வெளியே இருக்கிற பிளக்கிலேயே அணையுங்கள். உள்ளே ஸ்விட்ச் தட்டாதீர்கள், அடுப்புப் பற்ற வைக்காதீர்கள், டெர்மினலில் உடனே கை வைக்காதீர்கள், அங்கே ஒரு பொறி போதும். பேட்டரி தொட முடியாத சூட்டில் இருந்தால் ஆறட்டும். முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதிகமாக சார்ஜ் ஏற்றப்பட்ட லெட் ஆசிட்டில் வருவது. கூடவே எரியக்கூடிய ஹைட்ரஜனும் வந்துகொண்டிருக்கும். வீங்கிய எஸ்.எம்.எஃப். (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய வகை) பேட்டரி மறுபடி உதவாது.

யார் இதைச் செய்தது என்று தேடினால் இரண்டு இடம். வீட்டு இன்வெர்ட்டரை வேனில் போட்டிருந்தால் பல மாடல்களில் பின்பக்கம் பேட்டரி வகைக்கு ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், டியூபுலர், ஃபிளாட், எஸ்.எம்.எஃப். என்று. டியூபுலரில் வைத்துவிட்டு எஸ்.எம்.எஃப். மாட்டியிருப்பார்கள், அதிக வோல்டேஜில் அது வெந்துவிடும். ஜெல் பேட்டரி இன்னும் நுணுக்கம், 14.1, 14.2-க்கு மேல் தாங்காது. சோலார் கண்ட்ரோலரிலும் இதே பேட்டரி வகை அமைப்பு உண்டு, ஈக்வலைஸ் (வேண்டுமென்றே கூடுதல் வோல்டேஜ் கொடுத்து செல்களைச் சமன் செய்வது) என்று இருந்தால் மூடிய வகைகளுக்கும் லித்தியத்துக்கும் கட்டாயம் அணைத்து வையுங்கள்.

அடுத்தது சூடு. லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் 25 டிகிரிக்குச் சொல்லப்படுவது, அதற்கு மேல் ஏறக்குறைய ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் பாதியாகும். மே மாதம் சேலத்தில் வெளியே நாற்பதைத் தொடும்போது கதவடைத்து நிறுத்திய வேனுக்குள் சீட்டுக்கு அடியில் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். சூட்டில் சார்ஜ் வோல்டேஜ் குறைய வேண்டும், 12 வோல்ட் பேட்டரிக்கு ஒரு டிகிரிக்கு சுமார் 0.024 வோல்ட் வீதம். கண்ட்ரோலருடன் வருகிற அந்தச் சின்ன டெம்பரேச்சர் சென்சார் வயரைப் பேட்டரியின் மேல் ஒட்டாமல் டப்பாவிலேயே விட்டுவைத்திருப்பவர்கள் அதிகம். எடுத்து ஒட்டுங்கள்.

தண்ணீர் மாதா மாதம் குறைகிறது என்றால் அதுவும் இதே நோயின் லேசான வடிவம்தான். ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீர் சுத்தமானது என்று ஒரு நம்பிக்கை ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் காயிலின் உலோகமும் தூசியும் கலந்திருக்கும். ஆர்.ஓ. தண்ணீரும் வேண்டாம்.

ஒரு மாதம் நிறுத்திவிட்டு வந்தால் செத்துக் கிடக்கிறது

எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, நெகட்டிவ் கம்பியைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் சாக்கெட்டில் மாற்றி நடுவில் கோர்த்துப் பாருங்கள். அந்த நேரத்தில் தவறிக்கூட பம்ப்பையோ இன்வெர்ட்டரையோ போட்டுவிடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். அரை ஆம்பியர் காட்டினால் ஒரு நாளைக்கு 12 ஏ.எச்., இரண்டு வாரத்தில் 168. எந்த பேட்டரியும் தாங்காது. ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிப் பாருங்கள், எதைப் பிடுங்கும்போது எண் இறங்குகிறதோ அதுதான் திருடன். இன்வெர்ட்டர் சும்மா ஆனில் இருந்தாலே ஒரு ஆம்பியர் குடிக்கும், அடுத்த சந்தேகம் யு.எஸ்.பி. சாக்கெட்டுகளும் ஸ்டீரியோவும். நிறுத்தும்போது கைக்கு எட்டுகிற இடத்தில் பேட்டரியை மொத்தமாகத் துண்டிக்கிற ஒரு மெயின் ஐசொலேட்டர் ஸ்விட்ச் போட்டால் தீர்ந்தது.

கரண்ட் கசிவே இல்லை, ஆனாலும் மாதத்தில் சரிந்துவிடுகிறது என்றால் செல்லுக்குள் லேசான ஷார்ட், மாற்றுங்கள்.

காலையில் வண்டியே ஸ்டார்ட் ஆகவில்லை

பெரும்பாலும் இரண்டு பேட்டரியும் நிரந்தரமாகச் சேர்ந்திருக்கிறது, ரிலே ஒட்டிக்கொண்டது அல்லது போடவே இல்லை. என்ஜினை அணைத்து அரை மணி கழித்து ஹவுஸ் பேட்டரியில் ஒரு ஃபேனைப் போட்டுவிட்டு வண்டி பேட்டரியில் அளங்கள். அங்கேயும் வோல்டேஜ் சேர்ந்து இறங்கினால் உறுதி.

இரண்டு பேட்டரியில் ஒன்று மட்டும் சீக்கிரம் போகிறது

பஸ், லாரி சேஸிஸில் கட்டிய 24 வோல்ட் வண்டிகளில் நடுவிலிருந்து 12 வோல்ட் எடுத்து லைட்டுக்கும் மியூசிக்குக்கும் கொடுத்திருப்பார்கள். ஒரு பேட்டரி மட்டும் உழைத்து இளைக்கும், இன்னொன்று அதிகம் சார்ஜ் ஆகி வேகும். 24-லிருந்து 12-க்கு ஒரு கன்வெர்ட்டர் போடுங்கள். 12 வோல்ட் வண்டியில் இரண்டைப் பக்கவாட்டில் இணைத்திருந்தால் பாசிட்டிவை ஒன்றிலும் நெகட்டிவை மற்றதிலும் குறுக்காக எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். புதுசோடு பழசைச் சேர்க்க வேண்டாம்.

லித்தியம்: மீட்டரில் பூஜ்யம்

செத்துவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் உள்ளே இருக்கிற பி.எம்.எஸ். என்கிற காவல் சர்க்யூட் கட் செய்திருக்கிறது, அதிகம் இறங்கியதாலோ, ஷார்ட் ஆனதாலோ, சூட்டாலோ. பல பி.எம்.எஸ்.கள் செல் 55, 60 டிகிரிக்குப் போனால் சார்ஜை நிறுத்திவிடும், சேலத்து மதிய வெயிலில் இது நடக்கும், சாயங்காலம் தானாகத் திறந்துகொள்ளும். இறங்கியதால் மூடியிருந்தால் லித்தியத்துக்கான சார்ஜரை மாட்டினால் எழும். சோலார் கண்ட்ரோலர் மட்டும் இருந்தால் சில சமயம் எழுப்பாது, ஏனென்றால் பேட்டரி வோல்டேஜ் தெரிந்தால்தான் அதுவே வேலை செய்யத் தொடங்கும்.

லித்தியத்தில் வோல்டேஜைப் பார்த்து மீதி எவ்வளவு என்று சொல்ல முயலாதீர்கள். பாதிக்கு மேல் இருந்தாலும் கீழே இருந்தாலும் 13.2 வாக்கிலேயே நிற்கும், காலியாகப் போகும்போது மட்டும் மளமளவென்று சரியும். போகிற வருகிற கரண்டை எண்ணுகிற, ஷண்ட் வைத்த பேட்டரி மானிட்டர் ஒன்று வாங்குங்கள்.

சரி, மாற்றத்தான் வேண்டும். எது?

ஏ.எச். எண்ணைப் பார்த்துத் தொடங்காதீர்கள். உங்கள் பேட்டரி எப்படி, எவ்வளவு நேரம் சார்ஜ் ஆகப்போகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

வேன் வாரத்தில் ஐந்து நாள் அஸ்தம்பட்டியிலோ சூரமங்கலத்திலோ வீட்டு வாசலில் நிற்கிறது, பிளக்கில் மாட்டி வைக்க முடியும், வார இறுதியில் ஒரு ராத்திரி வெளியே என்றால் லெட் ஆசிட் தாராளமாகப் போதும். வாரம் முழுக்க நிதானமாக நிறைந்துவிடும். லித்தியத்துக்குக் கொடுக்கிற கூடுதல் பணம் இங்கே வீண் என்பது என் அபிப்ராயம். மாறாக நாலைந்து நாள் தொடர்ந்து வெளியே, மேலே மலையில், பிளக் கிடையாது, சோலாரும் என்ஜினும் மட்டும் என்றால் லெட் ஆசிட் ஒருநாளும் முழுதாக நிறையாது, சல்ஃபேட் பிடித்துச் சாகும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு அரைகுறை சார்ஜ் ஒரு பிரச்சினையே இல்லை, அதற்கு அதுதான் பிடிக்கும். மேலே போட்ட 80 ஏ.எச். கணக்குக்கு 100 ஏ.எச். லித்தியம் ஒன்று சரியாக இருக்கும், எடை பன்னிரண்டு கிலோ வாக்கில். அதே வேலைக்கு 160, 170 ஏ.எச். டியூபுலர் என்றால் ஐம்பது கிலோவுக்கு மேல்.

அந்த உயரமான டியூபுலரை வேனுக்குள் வைப்பது எனக்குப் பிடிக்காது. வீட்டு மூலையில் அசையாமல் நிற்பதற்காகச் செய்தது. கொண்டை ஊசி வளைவில் சாயும், ஆசிட் மூடி வழியாகத் தெறிக்கும், வாயு படுக்கைக்கு அடியில் சேரும். வைத்தே தீருவேன் என்றால் மூடிய பெட்டி, அதன் மேல்பக்கத்திலிருந்து வண்டிக்கு வெளியே ஒரு குழாய், பட்டை போட்டு தரையோடு இறுக்கம். லெட் ஆசிட்டிலேயே நடுவழி ஒன்று இருக்கிறது, பலர் யோசிப்பதில்லை: ஈ-ரிக்‌ஷாவுக்கு வருகிற 12 வோல்ட் பேட்டரிகள். ஆழமாக இறங்கி ஏறவும் ரோட்டில் குலுங்கவும் செய்தவை, டியூபுலரைவிடக் குட்டை. தண்ணீரும் காற்றோட்டமும் இதற்கும் வேண்டும். தண்ணீர்த் தொல்லை வேண்டாம் என்றால் ஏ.ஜி.எம்., ஆனால் சூட்டுக்கு இடம் பார்த்து வைக்க வேண்டும். வண்டி ஸ்டார்ட் செய்கிற கார் பேட்டரியை மலிவு என்று இதற்குப் போடாதீர்கள், மெல்லிய பிளேட், சில மாதத்தில் உதிர்ந்துவிடும்.

லித்தியம் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி பிராண்டு பற்றியது இல்லை, உள்ளே எத்தனை செல் தொடரில் என்பது. நாலு செல், 12.8 வோல்ட் என்று இருந்தால் அயர்ன் பாஸ்பேட், 14.4 வாக்கில் சார்ஜ் ஆகும், நமக்கு வேண்டியது அதுதான். மூன்று செல், 11.1 வோல்ட் என்று இருந்தால் அது வேறு ரசாயனம், 12.6-லேயே நிறைந்துவிடும், அதற்கு நம் சார்ஜரின் 14.4 கொடுத்தால் ஆபத்து. இரண்டையும் "12 வோல்ட் லித்தியம்" என்றே விற்கிறார்கள். அடுத்து பி.எம்.எஸ். எத்தனை ஆம்பியர் விடும் என்று பாருங்கள். 100 ஏ.எச். பேட்டரியில் 50 ஆம்பியர் பி.எம்.எஸ். இருந்தால் மிக்ஸி போட்டதும் மூடிக்கொள்ளும். பழைய மின்வண்டிகளில் கழித்த செல்களைப் புது உறைக்குள் போட்டு விற்பதும் நடக்கிறது, பில்லும் வாரண்டியும் எழுத்தில் இல்லாத இடத்தில் வாங்க வேண்டாம்.

வெளிநாட்டு ஆலோசனைகளைப் படித்துவிட்டு ஹீட்டர் வைத்த லித்தியம் தேடுகிறார்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் போடக்கூடாது என்பது உண்மை. ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் டிசம்பர் ராத்திரி பத்துப் பன்னிரண்டு டிகிரி வாக்கில் நடுங்குவோம், அதற்கு பேட்டரிக்கு ஹீட்டர் வேண்டாம், உங்களுக்குக் கம்பளி போதும்.

லெட் ஆசிட் என்றால் தயாரித்த தேதியைப் பாருங்கள், ஆறு மாதத்துக்கு மேல் கடையில் தூங்கியதை எடுக்க வேண்டாம். லேபிளில் சி20 (20 மணி நேரக் கணக்கு) என்று போட்டிருக்கிறதா சி10 (10 மணி நேரக் கணக்கு) என்றா என்பதையும் கவனியுங்கள், சி10-இல் 100 ஏ.எச். தருவது சி20-இல் அதைவிடக் கூடுதலாகத் தரும், இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டால் தப்பான பேட்டரிதான் மலிவாகத் தெரியும். இன்வெர்ட்டர் பேட்டரியின் வாரண்டி வாகனத்தில் மாட்டினால் செல்லுமா என்பதைப் பணம் கொடுக்கும் முன் கார்டைத் திருப்பிப் படியுங்கள். பழசைப் பழுதுபார்த்து விற்கிற ரீகண்டிஷன் பேட்டரி பற்றிக் கேட்காதீர்கள்.

மாட்டும்போது பாசிட்டிவ் டெர்மினலுக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், கேபிளின் கனத்துக்குப் பொருந்தியது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். சோலார் கண்ட்ரோலருக்கு முதலில் பேட்டரி, பிறகு பேனல். சார்ஜர், கண்ட்ரோலர், டி.சி.-டி.சி. மூன்றிலும் பேட்டரி வகையைப் புதுசுக்கு மாற்றுங்கள். மூன்றில் ஒன்று பழைய அமைப்பிலேயே இருந்தாலும் மேலே சொன்ன ஏதோ ஒரு தலைப்பில் மறுபடி வந்து நிற்பீர்கள். மலைக்குக் கிளம்பும் முன் ஒரு ராத்திரி வாசலிலேயே எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்கள்.

பழையதைக் கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள், லெட் ஆசிட்டுக்கு எடையைப் பார்த்து விலை கழிப்பார்கள். 2022-இல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி பழசைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. எடை குறையட்டும் என்று ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டு வாங்கிக்கொள்கிறேன் என்கிற காயலான் கடைக்காரரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். வீங்கிய லித்தியத்தைத் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும், மற்ற பழைய சாமான்களோடு சாக்கில் போட்டுக் கட்டக்கூடாது.